கை வேறு, ஹேண்ட் வேறு

தோளில் தொடங்கி விரல் நுனி வரை நமக்கு எல்லாமே கைதான். தோளுக்குக் கீழே ஊசி போட்டாலும் "கையில ஊசி", சுண்டுவிரல் கதவில் நசுங்கினாலும் "கையில அடி". ஆங்கிலத்தின் ஹேண்ட் மணிக்கட்டோடு நின்றுவிடும்; அதற்கு மேலே தோள் வரை ஆர்ம். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனாலும் பிரிட்டனுக்கு வந்து, வலியோடு போனை எடுத்ததும் வாயில் வருவது ஹேண்ட்தான்.

ஜி.பி. (குடும்ப மருத்துவர்) சர்ஜரிக்குப் போன் செய்கிறீர்கள் (சர்ஜரி என்றதும் பயப்பட வேண்டாம், இங்கே கிளினிக்குக்கு அதுதான் பெயர்). மறுமுனையில் இருப்பவர் உங்களைப் பார்க்கவில்லை. "ஹேண்ட் பெயின்" என்றால் விரல், உள்ளங்கை, புறங்கை என்றே குறித்துக்கொள்வார். நேரில் போனால் தொட்டுக் காட்டிவிடலாம். போனிலும் ஆன்லைன் படிவத்திலும் சொல்தான் விரல். எக்ஸ்ரேயில்கூட ஹேண்ட், ரிஸ்ட், ஃபோர்ஆர்ம், எல்போ நான்கும் தனித்தனிப் படங்கள். மணிக்கட்டு ரிஸ்ட், அதற்கு மேல் முழங்கை வரை ஃபோர்ஆர்ம், முழங்கை எல்போ, அங்கிருந்து தோள் வரை அப்பர் ஆர்ம், தோள் ஷோல்டர். இந்த ஐந்து போதும். காலுக்கும் இதே கதைதான்: கணுக்காலுக்குக் கீழே ஃபுட், மேலே லெக்.

உயிருக்கே ஆபத்தான இடம் ஒன்று உண்டு. நெஞ்சு அடைக்கிறது, இடது கை முழுக்க இழுக்கிறது என்றால் அவசர எண் 999-ஐ அழைத்து "செஸ்ட் பெயின், கோயிங் டவுன் மை லெஃப்ட் ஆர்ம்" என்று சொல்லுங்கள். லெஃப்ட் ஹேண்ட் என்று மட்டும் சொன்னால், மாரடைப்புக்கே உரிய அந்தப் பரவும் வலி கேட்பவருக்குப் பிடிபடாமல் போகலாம். பக்கவாதச் சந்தேகத்தில் அவர்கள் கேட்பது, இரண்டு ஆர்மையும் தூக்க முடிகிறதா என்று. உள்ளங்கையை விரித்துக் காட்டினால் அதற்குப் பதில் ஆகாது. தோளிலிருந்து இரண்டையும் தூக்கி அப்படியே நிறுத்தச் சொல்லி, ஒன்று மட்டும் சரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் "டமில் இன்டர்ப்ரிட்டர், ப்ளீஸ்" என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். உயிராபத்து இல்லாத மருத்துவ உதவிக்கான 111-லும் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

சட்டைக்கும் நமக்குக் கை உண்டு. "ஹாஃப் ஹேண்ட் சட்டை" ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். இங்கே கேட்டால் கடைக்காரர் விழிப்பார். ஷார்ட் ஸ்லீவ் என்று கேட்க வேண்டும். மருத்துவமனை வேலைக்குப் போகிறவர்களுக்கு இது வெறும் சட்டை விஷயமும் இல்லை. "பேர் பிலோ த எல்போஸ்" என்று ஒரு விதி: நோயாளியைத் தொடும் வேலையில் முழங்கைக்குக் கீழே சட்டைக் கை வரக் கூடாது. வாட்ச், வளையல் கழற்ற வேண்டும். கோயில் கயிறு பற்றி முன்கூட்டியே மேலாளரிடம் பேசிவிடுவது நல்லது. வார்டு வாசலில் வைத்துப் பேசுகிற விஷயம் அல்ல அது.

அடுத்தது பணம். நம்மவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். ஊரில் "இன் ஹேண்ட் எவ்வளவு?" என்றால் பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம். அதே கேள்வியை இங்கே இன்டர்வியூவில் கேட்டால் எதிரே இருப்பவர் காதில் "கேஷ் இன் ஹேண்ட்" என்று விழும் வாய்ப்பு அதிகம். அதற்கு இங்கே உள்ள வாசனை வேறு: கணக்கில் காட்டாமல், வரி கட்டாமல் கையில் நோட்டாக வாங்குவது. நீங்கள் கேட்க வேண்டிய சொல் டேக் ஹோம் பே. இங்கிலாந்தில் ஆண்டுக்கு 24,000 பவுண்டு என்றால் மாதம் 2,000. வருமான வரிக்கு முதல் 12,570 பவுண்டு விலக்கு, மீதிக்கு 20 சதவீதம். மாதக் கணக்கில் சுமார் 190 பவுண்டு. நேஷனல் இன்ஷூரன்ஸ் (அரசுப் பென்ஷன் போன்றவற்றுக்கான பிடித்தம்) 8 சதவீத விகிதத்தில் சுமார் 76. ஆக வீட்டுக்கு வருவது 1,733 பவுண்டு அளவு. பென்ஷன் பிடித்தால் இன்னும் குறையும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் வீட்டு வாடகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நோட்டாகச் சம்பளம் கொடுப்பதே குற்றம் என்பதில்லை. பே ஸ்லிப் தந்து, வரியும் கட்டினால் சரிதான். 2019 ஏப்ரலிலிருந்து தொழிலாளர் எல்லோருக்குமே பே ஸ்லிப் கேட்கும் உரிமை உண்டு. ஸ்லிப் இல்லாத காசில் நேஷனல் இன்ஷூரன்ஸ் கணக்கு ஏறாது. அரசுப் பென்ஷன் கொஞ்சமாவது கிடைக்கப் பொதுவாக 10 ஆண்டுக் கணக்கு வேண்டும், முழுசாகக் கிடைக்க 35. வீடு வாடகைக்குக் கேட்டாலும் விசா நீட்டிக்கக் கேட்டாலும் காட்ட உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. மாணவர் விசாவில் வந்தவர்கள் இதில் இன்னும் கவனம். பாடக் காலத்தில் வாரத்துக்குப் பெரும்பாலும் 20 மணி நேரம் என்ற வரம்பைத் தாண்ட "கேஷ் இன் ஹேண்ட்" ஆசை காட்டும் முதலாளி, மாட்டினால் உங்களைத் தெரியாது என்பார்.

இன்னொரு இன் ஹேண்ட், "வீக் இன் ஹேண்ட்". வாரச் சம்பள வேலைகளில் அடிக்கடி வரும். 1-ஆம் தேதி திங்கட்கிழமை சேருகிறீர்கள், 7-ஆம் தேதி ஞாயிறோடு முதல் வாரம் முடிகிறது, அந்தக் காசு 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமைதான் வரும். 5-ஆம் தேதி வெறுங்கையோடு நிற்கும்போது ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றும். ஏமாற்றவில்லை, ஒரு வாரம் எப்போதும் அவர்கள் கையிருப்பில் நிற்கும். ஸ்காட்லாந்தில் இதையே லையிங் வீக் என்பார்கள். வேலையை விடும்போது அந்த வாரக் கூலியும், எடுக்காமல் சேர்ந்த விடுமுறைச் சம்பளமும், வரி விவரம் உள்ள பி45 என்ற தாளும் வர வேண்டும். வரவில்லை என்றால் முதலில் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். அதற்கும் அசையாவிட்டால் வேலையிடத் தகராறுகளுக்கு ஆலோசனை தரும் ஏகாஸ் அமைப்பின் உதவி எண்ணை அழைக்கலாம்.

வேலையை விடுவதும் ஹேண்டில்தான்: "ஹேண்டிங் இன் மை நோட்டீஸ்". ஒரு மாதம் வேலை செய்துவிட்டால் சட்டப்படி குறைந்தது ஒரு வாரம் முன்னறிவிப்பு. ஒப்பந்தத்தில் நான்கு வாரம் என்று இருந்தால் நான்கு வாரம். கடிதத்தில் கடைசி வேலை நாளைத் தேதியோடு எழுதுங்கள். "அடுத்த மாதம்" என்று மொட்டையாக எழுதினால் எந்தத் தேதி என்று பிறகு இழுபறிதான்.

வேலையிடத்தில் காதில் விழும் மற்றவை சுலபம். "கிவ் அஸ் எ ஹேண்ட்" நம் கைகொடுத்தல்தான். அஸ் என்றாலும் அழைப்பவர் ஒரே ஆள். ஷார்ட் ஹேண்டட் என்றால் ஆள் பற்றாக்குறை, அடுத்த வாக்கியம் பெரும்பாலும் "இன்னொரு ஷிஃப்ட் பார்க்க முடியுமா?" என்று வரும், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டியது ஆஃப்ஹேண்ட். "யூ வேர் எ பிட் ஆஃப்ஹேண்ட் வித் ஹெர்" என்று மேலாளர் மெல்லிய குரலில் சொன்னால் அது பேச்சுவாக்கில் சொன்னதல்ல, புகார். நீங்கள் வெடுக்கென்று பேசினீர்கள் என்று பொருள். நம் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது: "உட்காருங்க", "குடுங்க". மொழிமாற்றும்போது அந்த "ங்க" உதிர்ந்துவிடுகிறது, மிஞ்சுவது "சிட் டவுன்". "வுட் யூ லைக் டு சிட் டவுன்?" என்று நீட்டினால்தான் உதிர்ந்த "ங்க" திரும்ப வந்து ஒட்டும்.

கவுன்சில் (உள்ளாட்சி) அலுவலகத்தில் "மை ஹேண்ட்ஸ் ஆர் டைடு" (கை கட்டப்பட்டிருக்கிறது) என்றால் அவருக்கு அதிகாரம் இல்லை. அங்கேயே நின்று கெஞ்சிப் பயனில்லை. இதை முடிவு செய்பவர் யார் என்று கேட்டு, பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். "இட்ஸ் இன் ஹேண்ட்" என்றால் கவனித்துக்கொண்டிருக்கிறார்களாம். கேட்க நன்றாக இருக்கும், தேதி இருக்காது. எந்தத் தேதிக்குள் என்று கேட்காமல் போனை வைக்காதீர்கள்.

அந்தப் போன் எடுக்கப்படுவதற்கு முன் பதிவுக் குரல் சொல்லும்: "ப்ளீஸ் ஹேவ் யுவர் நேஷனல் இன்ஷூரன்ஸ் நம்பர் டு ஹேண்ட்." கையில் எழுதி வைக்கச் சொல்லவில்லை, பக்கத்தில் தயாராக வைத்திருக்கச் சொல்கிறது. இரண்டு எழுத்து, ஆறு எண், கடைசியில் ஒரு எழுத்து. கூடவே அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரின் எழுத்துக்கூட்டல். நம் பெயர்களுக்கு இந்தக் கடைசி ஒன்றுதான் அதிக நேரம் பிடிக்கும்.