கைகள் திரும்பக் கிடைத்த குழந்தை

விபத்தில் தம்பியின் வலது கை நொறுங்கியபோது அம்மா நேர்ந்துகொண்டது இது: அவன் விரலை மடக்கி நீட்டிவிட்டால், செக் நாட்டின் பிராகா (பிராக்) நகரக் கோவிலில் இருக்கும் குழந்தை இயேசு சிலையை அங்கேயே போய்ப் பார்ப்பது. விரல் மடங்கி மூன்று வருடமாகிறது. போன மாதம்தான் நேர்ச்சையைத் தீர்த்தோம். யாருக்காக நேர்ந்தாரோ அவனுக்கு லீவு கிடைக்கவில்லை!

கோவிலுக்குப் போகும் வழியில் சார்லஸ் பாலத்தைக் கடப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. செல்ஃபிக் கூட்டம், படகுச் சவாரிக்குக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடும் ஆட்கள், கல் பாவிய தெருவில் அம்மாவின் முழங்கால் வலி.

கோவிலுக்குள்ளே, வலப்பக்கப் பீடத்தில், கண்ணாடிக்குள் அவர். மொத்தமே 47 சென்டிமீட்டர். "இத்தனூண்டா!" என்றார் அம்மா.

அன்று பச்சை உடை, தலையில் கிரீடம். இடது கையில் சிலுவை வைத்த உலக உருண்டை. ஐரோப்பிய மன்னர்கள் முடிசூடும்போது ஏந்திய அதே சின்னம். பிதாவின் கையிலோ, அரியணையில் இருக்கும் கிறிஸ்துவின் கையிலோ அதை ஓவியங்களில் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் நடுக்கம் வரும். இங்கே ஏதோ பந்தைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்ன மாதிரி இருந்தது. வலது கை ஆசீர் தருகிறது: நிமிர்ந்த இரண்டு விரல்கள் தேவனும் மனிதனுமானவர் என்பதற்கு, மடங்கிய மூன்றும் பிதா, மகன், தூய ஆவி என்ற திரித்துவத்துக்கு.

1628இல் பொலிக்சேனா சீமாட்டி கார்மேல் துறவற சபையாருக்குக் கொடுத்த சுரூபம் இது. 1631இல் ஜெர்மனியின் சாக்சனிப் படை கோவிலைச் சூறையாடி, இதைப் பீடத்துக்குப் பின்னால் வீசியது. சில வருடங்கள் கழித்து அருட்தந்தை சிரில் கண்டெடுத்தபோது கைகள் இல்லை. "என் கைகளைத் திருப்பிக் கொடு, நான் அமைதி தருகிறேன்" என்று குழந்தை கேட்டதாகச் சொல்வார்கள்.

அம்மாவுக்கு இந்தக் கதை தெரியாது. மெதுவாகச் சொன்னேன்.

"எந்தக் கைடா உடைஞ்சது?"

"ரெண்டும்தான்மா."

அப்புறம் அவர் பேசவில்லை. ஒரு சுற்றுலாக் கூட்டம் கொடியோடு வந்து எங்களை இடித்துத் தள்ளியது, எனக்குக் கோபம் வந்தது, அம்மா அசையவேயில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று உதடு மட்டும் அசைந்தது. செபப் புத்தகத்தைத் திறக்கக்கூட மறந்துவிட்டார். நானும்தான்.

வெளியே வந்ததும் தம்பிக்கு வீடியோ கால் போடச் சொன்னார்.

"கையைக் காட்டுடா."

காட்டினான்.

"மடக்கிக் காட்டு."