நிலம் அசைந்தால் எந்தக் கிணறு சொல்லும்? திருவான்மியூரிலிருந்து மீஞ்சூர் வரை

திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தால், பழைய வீடுகளின் பின்கட்டில் இன்னமும் உறைக்கிணறுகளைப் பார்க்கலாம். மூன்றடி விட்டம், சிமென்ட் உறை, ஓரத்தில் துருப்பிடித்த ராட்டினம். நிலநடுக்கத்துக்கு நீர்மட்டம் ஆடும் கிணற்றைத் தேடி வருகிறவர் முதலில் ஏமாறுவது இங்கேதான்.

மணலில் இருக்கும் தண்ணீருக்கு மேல்மூடி கிடையாது. மட்டம் ஓர் அடி ஏற வேண்டுமானால், ஒரு சதுர அடி மணலுக்கு 0.1 முதல் 0.2 கன அடி வரை தண்ணீர் சேர வேண்டும். களிமண்ணுக்கு அடியிலோ பாறை வெடிப்பிலோ அடைபட்ட தண்ணீருக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் போதும். நிலம் துளி அமுங்கினால் அங்கே மட்டம் ஏறும், விரிந்தால் இறங்கும். மணல் கிணறு இரண்டையும் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும்.

2004 டிசம்பர் 26 காலை 6.29க்கு சுமத்ரா அருகே 9.1 அளவு நடுக்கம். இந்தக் கரைக்குக் கடல் வந்து சேர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆனது. நிலத்தின் மேற்பரப்பு அலைக்கு அந்த 2,000 கி.மீ. தூரம் பத்து நிமிட வேலை. அதே அலை உலகத்தின் மறுபக்கம் போய், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு கண்காணிப்புக் கிணற்றைச் சுமார் மூன்றடி ஆட்டியது. அடைபட்ட நீர், தாராளமாக நீர் விடும் பாறை, ஒடுக்கமான குழாய், இந்த மூன்றும் ஒரே கிணற்றில் அமைந்தால்தான் அப்படி ஆடும்.

அடுத்து பல்லாவரம். தாம்பரம் மார்க்க ரயிலில் திரிசூலம் தாண்டியதும் இறங்க வேண்டும். சுற்றிலும் கருங்கல் போன்ற கெட்டியான சார்னோகைட் பாறை. கொல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் இந்தப் பக்கத்துப் பாறைதான். பாறைக்கு அவர் பெயர் வந்ததும் அதனால்தான். தண்ணீர் பாறை வெடிப்புகளில் மட்டும் இருப்பதால் எல்லாமே போர்வெல்.

இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: "அம்மா, கடைசியா மோட்டார் எப்ப போட்டீங்க?" ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்திருந்தால்தான் நிலைமட்டம், அதாவது இறைக்காதபோது தண்ணீர் நிற்கும் மட்டம், கிடைக்கும். பக்கத்து வீட்டு மோட்டாரும் அதே வெடிப்பிலிருந்து இழுக்கும் என்பதை மறக்கக் கூடாது. மகாராஷ்டிராவின் கொய்னாவில் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் நிலநடுக்கத்துக்கு மட்டம் அசைவதைப் பார்க்கவென்றே 21 துளைகள் போட்டது சும்மா இல்லை. புழக்கத்தில் உள்ள கிணற்றில் நிலத்தின் குரலைவிட மோட்டாரின் குரல்தான் பெரிது.

தண்ணீரைத் தொட்டதும் பீப் அடிக்கும் அளவு நாடாதான் லெவல் டேப்; அதை நேராக உள்ளே விடாதீர்கள். ஆறரை அங்குல கேசிங்குக்குள் (போர்வெல்லின் உறைக்குழாய்) மோட்டார் பைப்பும் கேபிளும் கிடக்கும். சிக்கினால் டேப்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பக்கவாட்டில் ஓர் அங்குல பிவிசி குழாய் இறக்கி அதற்குள் விடுவது உத்தமம். மேல் வெடிப்பிலிருந்து தண்ணீர் வழிகிற கிணற்றில், மட்டத்தைத் தொடும் முன்பே டேப் பீப் அடிக்கும். இதற்கும் அந்தக் குழாய்தான் மருந்து. கேசிங் விளிம்பில் ஒரு பெயின்ட் குறி வைத்து, எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும்.

பிறகு லாகர்: தண்ணீரின் அழுத்தத்தை அளந்து மட்டத்தைத் தானாகப் பதியும் கருவி. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவது வழக்கம். நடுக்கத்தின் மேற்பரப்பு அலையோ 15, 20 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். அந்த லாகரில் அது எங்கோ ஒரு தனிப்புள்ளியாக விழும், பார்ப்பவர் கருவிப் பிழை என்று அழித்துவிடுவார். நொடிக்கு ஒன்று என்றால் நாளைக்கு 86,400 பதிவு, முப்பது நாளில் 25,92,000. நினைவகத்தைப் பார்த்து வாங்குங்கள், கடிகாரத்தையும் சரிபாருங்கள். ஆனால் சார்னோகைட் வெடிப்பு ஒடுக்கமானது. இருபது நொடிக்குள் குழாய்க்குள் தண்ணீர் வந்து போக நேரமிராது. அலை தெரியாவிட்டாலும், நடுக்கம் விட்டுப்போகும் நிரந்தர ஏற்ற இறக்கம் மெதுவாகத் தெரியலாம்.

அதுவும் எல்லா நடுக்கத்துக்கும் இல்லை. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவு நடுக்கம்; சென்னையில் ஜனங்கள் தெருவுக்கு ஓடினார்கள். நூறு கி.மீ.க்கு மேல் தள்ளி அது விடும் நிரந்தரச் சுருக்கம் கணக்கில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழ். நல்ல கிணற்றில்கூட ஒரு மில்லிமீட்டர் தேறாது. நிலாவின் இழுப்போ தினமும் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு நிலத்தை நீட்டிச் சுருக்குகிறது. கிணறு உணர்வுள்ளதா என்று பார்க்க நடுக்கத்துக்குக் காத்திருக்க வேண்டாம். 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டம் அசைகிறதா என்று பார்த்தால் போதும்.

குழப்புவது காற்றழுத்தம். சென்னையில் காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு வாக்கில் தாழ்வு. வித்தியாசம் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு). ஒரு ஹெக்டோபாஸ்கல் ஒரு சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம், அதில் பாதி கிணற்றில் தெரிந்தாலே நிலாவின் அசைவை மூடிவிடும். தனியாக ஒரு காற்றழுத்த லாகர் மேலே தொங்க வேண்டும். காற்றின் 12 மணி நேரச் சுழற்சியையும் நிலாவின் சுழற்சியையும் பிரிக்கக் குறைந்தது பதினைந்து நாள் பதிவு வேண்டும். ஒரு மாதம் இருந்தால் நிம்மதி.

மீஞ்சூருக்குச் சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயில். ஆரணியாறு, கொசஸ்தலையாறு கொண்டுவந்த வண்டல்; நடுவே களிமண், அதற்கடியில் அடைபட்ட மணல். நில அமைப்பில் மூன்றில் இதுதான் தோது. ஆனால் பல வருஷமாக உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. உப்புநீர் கனமானது, நல்ல தண்ணீரின் அடர்த்தியை வைத்து அழுத்தத்தை மட்டமாக மாற்றினால் கணக்கு பிசகும். கடல் ஓதத்தின் (தினசரி ஏற்றவற்றம்) சுமையும் களிமண் வழியாக நீரை அழுத்தும், அதன் நேரமும் நிலாவின் நேரமே. எண்ணூர் ஓத அட்டவணை கையில் இல்லாமல் இங்கே லாகரை இறக்க வேண்டாம்.