மாமா வாங்கிய மரக்கப்பல்

மதுரையிலிருந்து வந்த மாமா, நான் விமான நிலையம் போய்ச் சேர்வதற்குள் தானே டாக்சி பிடித்துவிட்டார். மொரீஷியசில் பல டாக்சிகள் மீட்டர் போடுவதில்லை; ஏறும் முன்பே மொத்தக் கட்டணத்தைப் பேசி முடித்துவிட வேண்டும். மாமா பேசவில்லை. ரோஸ் ஹில்லில் இருக்கும் என் வீட்டுக்கு வரும் வழியில், கியூர்பிப் ஊரில், அலங்கார மரக்கப்பல்கள் விற்கும் ஒரு கடை முன் நிறுத்தினாராம் ஓட்டுநர். வாங்கினால் அவருக்குக் கமிஷன். கத்தரிக்காய்க்கே அரை மணி நேரம் பேரம் பேசுகிற மனிதர், சொன்ன விலைக்கு வாங்கியிருக்கிறார்! "மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இருந்ததே, நம் ஊர்தான் என்று நம்பிவிட்டேன்" என்கிறார்.

நாளை இல் ஓ செர்ஃப் தீவுக்குப் படகு. சாப்பாடு சேர்த்தியா, திரும்புவது எத்தனை மணிக்கு என்று கேட்காமல் கரையில் யாரிடமும் முன்பணம் தரக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். தலையாட்டிக்கொண்டே, சாய்ந்துவிட்ட பாய்மரத்துக்குப் பசை தடவுகிறார்.