பத்து சிட்டிங் கரண்டும் நேராகாத முட்டியும்

ஷட்டில் ஆடும்போது எகிறி இறங்கிய காலில் 'டப்'பென்று ஒரு சத்தம். முட்டிக்குள் எலும்புகளைப் பிடித்து வைத்திருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் போச்சு. எம்.ஆர்.ஐ., ஆபரேஷன், வீடு எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

ஆஸ்பத்திரி தூரம் என்பதால் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிசியோ சென்டரில் பத்து சிட்டிங்குக்கு முன்பணம் கட்டினேன். தப்பு அங்கேதான். போனதும் ஒத்தடம், அப்புறம் கரண்ட், அப்புறம் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட். முக்கால் மணி நேரம் படுத்துக் கிடப்பேன். காலை நானாக ஒருமுறைகூட அசைத்ததில்லை. "பயிற்சி எப்போ சார்?" என்றால், "வலி குறையட்டும், பார்க்கலாம்." வலி குறைந்தது, முட்டிதான் நேராகவில்லை. வீட்டில் அம்மா வேறு பாசமாக முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார். சுகமாக இருக்கும். அந்தச் சுகம்தான் வினை. முட்டி மடங்கியபடியே இறுகிவிடுமாம்.

மறுபரிசோதனையில் டாக்டர் பார்த்துவிட்டு, "பத்து டிகிரி குறையுதே, மூணு வாரமா என்ன பண்ணீங்க?" என்றார். என்னத்தைச் சொல்ல?

அவர் சொன்ன வேறொரு பிசியோவிடம் இரண்டு பஸ் மாறிப் போனேன். "ஆபரேஷன் நோட்ஸ் எங்கே?" என்றார் அந்த அம்மா. என் கையில் இருந்தது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும். முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸைத் தைத்திருந்தால் சில வாரங்களுக்கு முட்டியை 90 டிகிரிக்கு மேல் மடக்கி எடை போடக் கூடாது. அறுந்த ஏ.சி.எல்.லுக்குப் பதிலாக வைக்கப் பின்தொடையிலிருந்து தசைநாண் எடுத்திருந்தால் அந்தத் தசைக்கு உடனே பளு கொடுக்கக் கூடாது. இது தெரியாமல் கடினமான எதையும் தொடமாட்டேன் என்றுவிட்டார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது நியாயம். பிறகு ரெக்கார்ட் செக்‌ஷனில் மனு, ஐ.டி. ஜெராக்ஸ், "நாளைக்கு வாங்க" என்று மூன்று நடை. நல்லவேளை, மெனிஸ்கஸில் ஓரத்தைச் சீவியதோடு சரி. டிஸ்சார்ஜ் ஆகும்போதே நோட்ஸ் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அப்புறம் மெஷினே கிடையாது. குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு, முட்டி அந்தரத்தில், பத்து நிமிடம், நாளைக்கு ஐந்தாறு தடவை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். ஒருநாள் தொடையை இறுக்கி முட்டியைக் கட்டிலோடு அழுத்தியபோது குதிகால் தானாக மேலே எழும்பியது. முட்டி நேராகிவிட்டது! வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்!

மூன்றாம் மாதம் வலியே இல்லை, ஓடலாம் போலிருந்தது. பிசியோ விடவில்லை. வைத்துத் தைத்த தசைநாண் ஊறிப் பலப்பட மாதக்கணக்காகும், வலி போய்விட்டது என்று நம்பித்தான் பலர் திரும்ப அறுத்துக்கொள்கிறார்கள் என்றார். திரும்ப ஷட்டில் ஆட ஒன்பது மாதம் முடிய வேண்டும். ஒற்றைக்கால் தாண்டலில் நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது வர வேண்டும். இது ஏழாவது மாதம். போன வாரம் 82 வந்தது. பேட் இன்னும் பரணில்தான் இருக்கிறது.