ஐசியூ நாட்குறிப்பு: மலையிலிருந்து வந்த காய்ச்சல்

டிசம்பர் 3, இரவு

ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் அக்கா. எட்டு நாள் காய்ச்சல். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் வந்து சேர்ந்தபோது மூச்சுக்கு ஒரு வார்த்தைதான் பேச முடிந்தது. எக்ஸ்-ரேயில் நுரையீரல் இரண்டு பக்கமும் வெள்ளை. டெங்கு, மலேரியா இல்லை. மூன்று நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் போட்டும் பலனில்லை. வென்டிலேட்டரிலும் ஆக்சிஜன் ஏறாததால் குப்புறப் படுக்க வைத்தோம்.

புரட்டும்போதுதான் சிஸ்டர், “சார், இங்க பாருங்க” என்றார். பாவாடை நாடா இறுகும் இடத்தில், முதுகுப் பக்கம், சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலிக்காது, அரிக்காது, அவருக்கே தெரிந்திருக்காது. குட்டி உண்ணி கடித்த இடம் அது. ஸ்கிரப் டைஃபஸ், நம் ஊர்ப் பேச்சில் உண்ணிக் காய்ச்சல். செஃப்ட்ரியாக்சோன் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. மதியம் நானும்தான் பரிசோதித்தேன், முன்பக்கம் மட்டும்.

அதை உறுதிசெய்யும் ஐஜிஎம் ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இரண்டையும் ஊசியாக ஆரம்பித்தோம். சேர்த்துக் கொடுத்தால் சிக்கல் குறைகிறது என்று 2023-இல் இந்திய ஆய்வு ஒன்று சொன்னது. இறப்பு குறைந்ததாக அதில் இல்லை, இருந்தாலும் கொடுக்கிறேன்.

டிசம்பர் 5

காய்ச்சல் விட்டது. ஐஜிஎம் பாசிட்டிவ்.

டிசம்பர் 9

மறுபடி காய்ச்சல், 102. மூச்சுக்குழாயில் டியூப் போட்டு ஆறு நாள், எல்லோர் பேச்சிலும் வென்டிலேட்டரால் வரும் நிமோனியாதான். ஏற்கெனவே வெள்ளையாக இருக்கும் எக்ஸ்-ரேயில் புது நிழலை எங்கே தேடுவது? சளி கூடவில்லை, ஆக்சிஜன் தேவையும் ஏறவில்லை. மருந்து ஏற்றக் கழுத்து ரத்தக்குழாயில் போட்ட லைனைச் சுற்றி லேசான சிவப்பு. லைனிலிருந்தும் கையிலிருந்தும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்து அனுப்பினோம், சளியும். அப்புறம் லைனை எடுத்துவிட்டு வான்கோமைசின் ஆன்டிபயாடிக்.

டிசம்பர் 11

இரண்டு ரத்தப் பாட்டிலிலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி. லைன் ரத்தத்தில், கை ரத்தத்தைவிட மூன்று மணி நேரம் முன்னாலேயே வளர்ந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் முந்தினாலே லைன்மேல் சந்தேகப்படலாம். சளியில் அசினெட்டோபாக்டர் என்ற வேறொரு கிருமி. ரிப்போர்ட்டைப் பார்த்த வீட்டுக்காரர், “கிருமின்னு போட்டிருக்குதுங்களே, மருந்து வேண்டாமுங்களா?” என்று கேட்டார். டியூபில் அது சும்மா ஒட்டிக்கொண்டு இருக்கலாம் என்று விளக்கினேன். முழுசாக நம்பவில்லை. அதற்கான கொலிஸ்டின் மருந்தைக் கொடுத்து அக்காவின் கிட்னியைக் கெடுக்க எனக்கு மனசில்லை. காய்ச்சல் இன்று இல்லை.

டிசம்பர் 14

டியூபை எடுத்தோம். கரகரத்த குரலில் முதல் கேள்வி: “பழமெல்லாம் உதிர்ந்திருக்குமுங்களா?”