ஒரு கிளி, இரண்டு மாங்காய், மூன்றரை மாதம்

பகல் முழுவதும் நூல் மண்டியில் கணக்கு எழுதிவிட்டு, மாலையில் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே பொழுதைத் தொலைக்கிறேன் என்ற எரிச்சலில்தான், மூங்கில் குச்சியைச் சீவிச் செய்த எழுதுகோலான கலத்தால், இயற்கைச் சாயத்தைக் கொண்டு துணியில் வரையும் கலம்காரியை இந்த ஆண்டு பழகுவது என்று சனவரி முதல் நாளன்று முடிவு செய்தேன். நாட்காட்டியின் முதல் தாளில் ‘மாதம் ஒன்று, ஆண்டுக்கு 12 துணி’ என்று எழுதியும் வைத்தேன். சித்திரை பிறந்துவிட்டது, முடியும் நிலையில் இருப்பது ஒரே துணி, அதுவும் இரண்டு முழம்.

ஆந்திராவின் நகரியை ஒட்டிய ஏகாம்பரகுப்பத்தில் இருக்கிறேன். இங்கே ரயிலேறி, ரேணிகுண்டாவில் மாறினால் ஸ்ரீகாளஹஸ்தி; எங்கள் வீட்டில் காளத்தி என்றுதான் சொல்வோம். மசூலிப்பட்டணத்துக் கலம்காரிக்கு மர அச்சுகள் உண்டு. காளத்தி முறையில் கோடு முழுவதும் கையால் இழுப்பதுதான். அச்சு வாங்க வேண்டாம், செலவு குறையும் என்று நான் போட்ட கணக்கு சரிதான். நாள் கணக்கைத்தான் போடவில்லை.

கருப்புச் சாயத்துக்கே மூன்று வாரம் போயிற்று. விசைத்தறிக் கொட்டகையில் கழித்துப் போட்ட துருப்பிடித்த ஆணிகளையும் திருகுகளையும் பொறுக்கி வந்து, பனைவெல்லமும் வெல்லமும் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டுப் பானையின் வாயைத் துணியால் கட்டினேன். பத்தாம் நாள் அம்மா, “என்னடா இது, வீடே கள்ளுக்கடை மாதிரி நாறுது?” என்று கேட்டதும் பானை மாடிக்குக் குடிபோனது. வடிகட்டிய சாயம் பார்ப்பதற்கு வெறும் கலங்கல் நீர்தான். கடுக்காய் ஏறிய துணியில் பட்டவுடன், கடுக்காயின் துவர்ப்பும் நீரில் கரைந்திருக்கும் இரும்பும் சேர்ந்து, கண்ணெதிரே கருப்பாக மாறுகிறது. எத்தனை முறை பார்த்தும் எனக்கு இது சலிக்கவில்லை.

முதல் துணி பாழானது பாலால். காடாத்துணியைக் கடுக்காய்ப் பொடி கலந்த பாலில் நனைத்துப் பிழிந்து வெயிலில் காயவைக்க வேண்டும். பாலின் கொழுப்புதான் சாயத்தை இழைக்கு இழை பரவாமல் நிறுத்துகிறது. நானோ காபிக்கு வாங்கிய, கொழுப்பு நீக்கிய பாக்கெட் பாலை ஊற்றினேன். இழுத்த கோடெல்லாம் கம்பளிப்பூச்சி போல மயிர்விட்டு நின்றது. மூங்கில் குச்சியைச் சீவியது சரியில்லை என்று நினைத்து நான்கு கலம் மாற்றினேன். பிப்ரவரியில் ஒரு ஞாயிறன்று அந்தத் துணியைச் சுருட்டிக்கொண்டு காளத்திக்குப் போய், இந்த வேலையிலேயே முடி நரைத்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் கலத்தைப் பார்க்கக்கூட இல்லை, “எந்தப் பால்?” என்று தெலுங்கில் கேட்டார். மறுவாரமே எருமைப் பாலுக்குச் சொல்லிவைத்தேன்.

இரண்டாவது துணியில் எங்கள் பக்கத்துக் கிளிமூக்கு மாங்காய் இரண்டும், அவற்றைப் பார்த்தபடி ஒரு கிளியும் வரைந்தேன். புளிய மிளாற்றைச் சுட்ட கரியால் முதலில் மெல்லக் கோடிட்டு, அதன் மேல் கலத்தை ஓட்டினேன். குச்சியில் சுற்றியிருக்கும் கம்பளியை விரலால் அழுத்தினால்தான் சாயம் இறங்கும். அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் சொட்டிவிடும். வரைவது மனதுக்கு ஓய்வு தரும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது தோள்வலிதான் வந்தது. ஓய்வு என்று நான் உணர்ந்தது, மாலை வெயிலில் மொட்டை மாடியில் துணி காய்வதைப் பார்த்தபடி, செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்த அந்த அரைமணி நேரங்களைத்தான்.

சிவப்புக்குத் தனிச் சிக்கல். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகார நீரைத் தடவிக் காயவிட்டு, அலசிய பிறகு சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேரோடு கொதிக்கவைத்தால், படிகாரம் உள்ள இடம் மட்டும் சாயத்தைப் பிடிக்கும். சோதனைத் துண்டு ஒன்றை வாளியில் அலசினேன். கரைந்த படிகாரம் அதே தண்ணீரில் நின்று துணி முழுவதும் படிந்ததால், வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் இளஞ்சிவப்பாயிற்று. ஓடும் நீரில் அலசச் சொல்வது சடங்கு அல்ல என்பது அப்போதுதான் புரிந்தது. எங்கள் ஊர் ஆற்றில் இப்போது மணல்தான் ஓடுகிறது. தெரிந்த விவசாயி ஒருவரின் பம்புசெட் வாய்க்காலில் கிளித்துணியை அலசினேன்; கிளியின் மூக்கும் மாங்காயின் கன்னமும் தெளிவான சிவப்பில் வந்துவிட்டன.

நாட்காட்டியில் 12 என்பதை அடித்து 3 என்று எழுதியிருக்கிறேன். அம்மாவுக்கு அதிலும் நம்பிக்கையில்லை. மாடியில் இரண்டாவது கருப்புப் பானை ஊறிக்கொண்டிருக்கிறது. கிளிக்குப் பச்சை வர வேண்டுமென்றால் முதலில் அவுரி நீலம், அதன் மேல் கடுக்காய்ப் பூவின் மஞ்சள். நீலத்துக்கான தொட்டி வைக்க என் வீட்டில் இடமில்லை என்பதால், அடுத்த மாதம் துணியோடு காளத்திக்கே போவதாக இருக்கிறேன். அதுவரை மாங்காய்க்கு மஞ்சள் ஏற்றலாம். பம்புசெட்டுக்குக் காலையில்தான் மின்சாரம் வருகிறது. எனக்கு ஞாயிறுதான் விடுமுறை. ஆகவே அடுத்த அலசல் வருகிற ஞாயிறு காலை.