பெயர் சொல்லக் கூடாத பாவம்

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. பயிர்க் காப்பீட்டுப் படிவம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள், வங்கிக் கடன் நிபந்தனை என்று வந்ததையெல்லாம் செய்திருக்கிறேன். எதுவும் என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் வந்த ஒரு பாடநூல் கெடுத்தது. முதுகலை மாணவர்களுக்கான ஐரோப்பியத் திருச்சபை வரலாறு அது. எனக்கு ஒதுக்கிய மூன்று இயல்களில் ஒன்று, ஆணும் ஆணும் கொள்ளும் உறவைக் கிறிஸ்தவ ஐரோப்பா எப்படிப் பார்த்தது என்பதைப் பற்றியது.

நான் பாளையங்கோட்டைக்காரன், சிஎஸ்ஐ குடும்பம். பாவத்துக்காகக் கடவுள் நெருப்பால் அழித்த சோதோம் கொமோரா ஊர்களின் வேதாகமக் கதை சின்ன வயதிலேயே மனப்பாடம். அதனால் இந்த இயல் சுலபம் என்று நினைத்து, பத்தே நாளில் முடித்துக் கொடுத்துவிட்டேன். எல்லா இடத்திலும் ‘ஓரினச்சேர்க்கை’ என்று ஒரே சொல்.

பிரதியைப் பார்த்தவர் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர். முதல் பக்கத்திலேயே அந்தச் சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் ‘இது யாருடைய சொல்?’ என்று எழுதியிருந்தார். போன் போட்டேன்.

“ஐயா, எல்லாம் ஒண்ணுதானே?”

“ஒண்ணு இல்லப்பா. ரோமச் சக்கரவர்த்தி ஜஸ்டினியன்கிட்ட போய் இந்தச் சொல்லைச் சொன்னா அவருக்குப் புரியாது. அவரு என்ன சொன்னாருன்னு தேடிப் பாத்துட்டு வா.”

தேடினேன். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் ‘ஹோமோசெக்ஷுவல்’ என்ற சொல் அச்சேறியதே 1869இல்தான். கெர்ட்பெனி என்ற எழுத்தாளர், பிரஷ்யச் சட்டத்தை எதிர்த்து ஜெர்மன் மொழியில் எழுதிய துண்டு நூலில் அதைப் பயன்படுத்தினார். அதற்கு முந்தைய சட்டங்களும் சபை விதிகளும் முக்கியமாகப் பேசியது ஒரு செயலைப் பற்றி, ஒரு பாவத்தைப் பற்றி. இன்ன வகை மனிதர் என்ற எண்ணம் இன்றைய அர்த்தத்தில் அப்போது உருவாகவில்லை. ஆயிரத்து ஐந்நூறு வருடத்து ஆட்களின் வாயில் நேற்றுப் பிறந்த சொல்லைத் திணித்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

சரி, அவர்களுடைய சொல் எது? அப்பாவின் பழைய வேதாகமத்தை எடுத்து உட்கார்ந்தேன். ஒன்று கொரிந்தியர் ஆறாம் அதிகாரம், ஒன்பதாம் வசனம். தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர்களின் பட்டியலில் ‘சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்’ என்று வருகிறது. முதல் சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் இருப்பது ‘மலாக்கோய்’. நேர்ப்பொருள், மென்மையானவர்கள். அதைச் சுயபுணர்ச்சி என்று ஐரோப்பிய ஒழுக்க நூல்கள் பல நூற்றாண்டு வாசித்தன, நம் பழைய மொழிபெயர்ப்பும் அந்த வழியில் போயிருக்கிறது. இன்று பல மொழிபெயர்ப்புகள் அதே சொல்லை ஆண்-ஆண் உறவோடு சேர்த்துவிட்டன. ஒரே கிரேக்கச் சொல், காலத்துக்கு ஒரு குற்றவாளியைக் கை காட்டுகிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் செய்கிற வேலையை எனக்கு முன்னால் செய்த ஒருவர் எடுத்த முடிவு அது.

அப்புறம் பழைய ஏற்பாட்டின் எசேக்கியேல் புத்தகம். சோதோமின் பாவம் என்னவென்று தீர்க்கதரிசி வெளிப்படையாகவே சொல்கிறார்: கர்வம், ஆகாரத்திரட்சி, ‘சிறுமையும் எளிமையுமானவனுடைய கையை அவள் பலப்படுத்தவில்லை’. வயிறு நிறைந்த ஊர் ஏழையைக் கைவிட்டது என்பதுதான் அங்கே முதல் குற்றச்சாட்டு. சிறுவயதில் யாரும் எனக்கு இந்த வசனத்தைக் காட்டியதில்லை. இந்த ஊரின் பெயரைப் படுக்கையறைப் பாவத்தின் பெயராக, ‘சோதோமியா’ என்று நிலைநிறுத்தியவர் பீட்டர் தமியான் என்ற இத்தாலியத் துறவி. 1049 வாக்கில் போப் ஒன்பதாம் லியோவுக்கு ஒரு நூலே எழுதி அனுப்பினார், பாதிரிமார் நடுவே இந்தப் பாவம் பரவுகிறது, எல்லாரையும் பதவியிலிருந்து இறக்குங்கள் என்று. போப் நூலைப் பாராட்டினார், ஆனால் அவ்வளவு தூரம் போகவில்லை. அன்றைக்குத் திருச்சபைக்குள்ளேயே ஒரே குரல் இருக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் பயம் ஒன்று அதற்கும் முன்பே வேர்விட்டிருந்தது. பேராசிரியர் தேடச் சொன்ன ஜஸ்டினியன், ஆறாம் நூற்றாண்டுச் சட்டத்தில் எழுதிவைத்தது இதுதான்: இப்படிப்பட்ட பாவங்களால்தான் பஞ்சமும் பூகம்பமும் கொள்ளைநோயும் வருகின்றன. நாலு சுவருக்குள் நடப்பது ஊரையே அழிக்கும் என்ற நம்பிக்கை சட்டமாகிவிட்டால், பக்கத்து வீட்டுக்காரன் காவல்காரனாகிவிடுகிறான்.

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் அது நடந்தது. 1424இல் சியன்னாவின் பெர்னார்தீனோ என்ற பிரசங்கியார் சாந்தா குரோச்சே கோயிலில் பேசுகிறார். இந்தப் பாவத்தின் பெயரைக் கேட்டாலே தரையில் துப்புங்கள், உங்கள் எச்சிலாவது அவர்கள் நெருப்பை அணைக்கட்டும் என்கிறார். கூட்டம் மொத்தமும் துப்புகிறது, இடி இடித்ததுபோல் இருந்ததாம். இந்த ஒரு பத்தியை நான் ஆறு முறை திருத்தி எழுதினேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்காமல் நின்றிருக்கக்கூடிய ஒரு பையனைப் பற்றியே யோசனை ஓடியது. துப்பாமல் நின்றால் மாட்டிக்கொள்வான், ஆகவே அவனும் துப்பியிருப்பான்.

எட்டு வருடம் கழித்து, 1432இல், அந்த நகரம் ‘இரவு அதிகாரிகள்’ என்று தனி அலுவலகமே திறந்தது. கோயில்களில் பெட்டிகள் வைத்தார்கள். பெயர் போடாமல் யாரைப் பற்றியும் ஒரு சீட்டு எழுதி உள்ளே போடலாம். 1502 வரை எழுபது வருடத்தில் சுமார் 17,000 பேர் மீது புகார், தண்டனை பெற்றவர்கள் ஏறக்குறைய 3,000. நகரத்தின் மக்கள்தொகையே 40,000 வாக்கில்தான். பெரும்பாலும் அபராதம்தான், மரண தண்டனை அரிது. லியோனார்டோ டாவின்சியின் பெயரும் 1476இல் அப்படி ஒரு சீட்டில் வந்தது, வழக்கு நிற்கவில்லை. காணிக்கைப் பெட்டி பார்த்து வளர்ந்தவன் நான். கோயிலுக்குள் இப்படியும் ஒரு பெட்டி என்பதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது.

‘இயற்கைக்கு மாறானது’ என்ற சொற்றொடரைத் தாமஸ் அக்குவினாஸ் என்ற இறையியலாளர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இறையியலின் வகைப்பாட்டுக்குள் உறுதியாக்கினார். 1533இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி, சபை நீதிமன்றத்திடமிருந்து இந்தக் குற்றத்தைப் பிடுங்கி அரச சட்டமாக்கி, தூக்குத் தண்டனை வைத்தார். இங்கிலாந்தில் கடைசியாக இதற்காக இரண்டு பேர் தூக்கிலிடப்பட்டது 1835இல். 1860இல் நமக்கு எழுதப்பட்டு 2024 வரை அமலில் இருந்த தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவில் ‘இயற்கையின் ஒழுங்குக்கு எதிராக’ என்று இருந்ததும் அந்த வாசனைதான். இந்தப் பிரிவுக்கு அடிப்படையான வரைவைத் தயாரித்த மெக்காலே, இதைப் பற்றிப் பொதுவில் விவாதம் எழுவதைக்கூடத் தாம் விரும்பவில்லை என்று குறிப்பு எழுதினார். கிறிஸ்தவர்கள் நடுவே பெயர் சொல்லப்படக் கூடாத பாவம் என்று லத்தீனில் ஒரு வழக்கு உண்டு. பெயர் சொல்லாமலே ஆளைத் தூக்கில் போட முடிந்திருக்கிறது. பெயர் தேடுவதே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இந்த இடம் மிகவும் வலித்தது.

இந்தச் சட்டங்களை மாற்றக் கேட்டவர்கள் பக்கத்திலும் சபையார் நின்றார்கள் என்பதை விட்டுவிட எனக்கு மனமில்லை. 1954இல் இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுக்கநலக் குழுவே சட்டத்தை மாற்ற வேண்டும் என்று கேட்டது. பாவம் என்பது வேறு, குற்றம் என்பது வேறு என்றார்கள். காண்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சே பிரபுக்கள் சபையில் சீர்திருத்தத்தை ஆதரித்தார். 1967இல் சட்டம் மாறியது.

இயலை முதலிலிருந்து எழுதினேன், நாலு மாதம் ஆனது. மூலம் பாவம் என்று பேசுகிற இடத்தில் ‘சோதோமியப் பாவம்’, நடந்ததைச் சொல்லும்போது ‘ஆண்-ஆண் உறவு’, 1869க்குப் பிறகு மட்டும் ‘தன்பாலீர்ப்பு’. பேராசிரியர் இந்த முறை பென்சிலை எடுக்கவில்லை.

கடைசி மெய்ப்பு வந்த அன்று, பக்கம் கட்டுகிற தம்பி என் மேசைக்கு வந்து நின்றான். மூன்று வருடமாகப் பக்கத்து அறையில் இருக்கிறான், வேலையைத் தவிர வேறு பேசியதில்லை.

“அண்ணே, இந்த எசேக்கியேல் வசனம் நெசமாவே பைபிள்ல இப்படித்தான் இருக்கா?”

“இருக்குப்பா. பதினாறு, நாற்பத்தொன்பது.”

போனில் தேடி எடுத்தான். உதடு அசைய மெதுவாக வாசித்தான். திரும்ப ஒரு தடவை வாசித்தான்.

“எங்க சபையில இதப் படிச்சதே இல்லண்ணே.”

நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவனே கேட்டான். எடுத்துக்கோ என்றேன். அச்சாகி வந்த தாளை நாலாக மடித்து, டிபன் பையின் பக்கவாட்டு அறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினான்.